ஜெர்மானிய மொழிகளின் ‘மன்’: மாந்தர் எல்லாரையும் குறித்த சொல் ஆணுக்கு மட்டும் உரியதானது எப்படி?

ஏட்டுவாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த கெண்ட் நாட்டை ஆண்ட ஏதல்பெர்ட் அரசர் கி.பி. 600ஆம் ஆண்டை ஒட்டி வகுத்த சட்டங்களைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஆங்கிலத்தில் இயற்றப்பட்டவற்றுள் மிகப் பழையது என்று கருதப்படும் இந்தச் சட்டத்தொகுப்பு, 12ஆம் நூற்றாண்டில் ராச்செஸ்டரில் படியெடுக்கப்பட்ட ஒரே சுவடியின் வழியாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. தொடக்கத்திலேயே வரும் ஒரு விதியில் தடைப்பட்டு நிற்கிறேன். அரசனுடைய ஊரில் ‘மன் மன்னன் ஒஃப்ஸ்லேயா’ என்றால் 50 ஷில்லிங் ஈடு கொடுக்க வேண்டும் என்பது அந்த விதி. ‘ஒஃப்ஸ்லேயா’ என்பது கொல்லுதலைக் குறிக்கும். முதலில் வரும் ‘மன்’ எழுவாய்; இன்றைய ஆங்கிலத்தின் ‘மேன்’ இதிலிருந்து வந்ததே. அடுத்து வரும் ‘மன்னன்’ அதே சொல்லின் இரண்டாம் வேற்றுமை வடிவம். அரசனைக் குறிக்கும் நம் சொல்லோடு அதற்கு உறவு கிடையாது.

இன்றைய ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்டால் ‘ஓர் ஆண் மற்றோர் ஆணைக் கொன்றால்’ என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால், கொலையுண்டவர் பெண்ணாக இருந்தால் அரசனுக்கு ஈடு கிடையாதா, கொன்றவள் பெண்ணாக இருந்தால் விதி பொருந்தாதா என்ற கேள்விகள் எழுகின்றன. ‘மனிதர்’ என்று எழுதலாம் என்றால், சட்டத்தில் இல்லாத ஒரு பொதுமையை நானாக ஏற்றிவிடுகிறேனோ என்ற தயக்கம் வருகிறது. அந்தக் காலத்தில் இச்சொல்லின் பொருளெல்லை எதுவரை இருந்தது, அது ஆணை மட்டும் குறிக்கத் தொடங்கியது எப்போது, ஆங்கிலத்தைப் போலவே ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த ஜெர்மன், ஐஸ்லாந்து மொழி முதலிய உறவு மொழிகளில் என்ன நடந்தது என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பழஞ்சொல் எழுதியது:

உங்கள் தயக்கத்துக்கான விடை அதே சட்டத்தொகுப்பிலேயே இருக்கிறது. சில விதிகள் தள்ளி, அரசனுடைய பணிப்பெண்ணோடு ஒருவன் படுத்தால் 50 ஷில்லிங் ஈடு என்ற விதி வருகிறது. அங்கே அந்தப் பணிப்பெண்ணைக் குறிக்கும் சொல் ‘மேய்டன்மன்’ என்பதாகும். கன்னி என்ற சொல்லோடு ‘மன்’ சேர்ந்த கூட்டுச்சொல் அது. ‘மன்’ என்பது ஆணை மட்டுமே குறித்திருந்தால் இப்படியொரு கூட்டு அமைந்திருக்க வழியில்லை. ஆகவே ஏதல்பெர்ட்டின் காலத்தில் அது ஆண், பெண் இருபாலாரையும் தழுவி நின்ற சொல் என்பதில் ஐயம் வேண்டாம்.

பழைய ஆங்கிலத்தில் இதற்கென ஒரு முழு அமைப்பே இருந்தது. பொதுவாக மானிடப் பிறவியைச் சுட்ட ‘மன்’; வளர்ந்த ஆணைச் சுட்ட ‘வெர்’; வளர்ந்த பெண்ணைச் சுட்ட ‘வீஃப்’. பொதுச்சொல்லைப் பால்பிரித்துச் சொல்ல வேண்டும் என்றால் முன்னொட்டு சேர்த்தார்கள். பெண்ணுக்கு ‘வீஃப்மன்’; ஆணுக்கு ‘வேப்னெட்மன்’, அதாவது ஆயுதம் உடைய மன். இந்த ஆயுதம் வாளும் ஈட்டியும் மட்டுமன்று, ஆணுறுப்புக்கும் அக்காலத்தில் அதே சொல் வழங்கியது என்பதைச் சேர்த்துக்கொண்டால்தான் கூட்டுச்சொல்லின் பொருள் முழுமையாக விளங்கும். ஆல்ஃபிரெட் அரசர் தம் விருப்ப ஆவணத்தில் தந்தைவழி மரபை ஈட்டிப் பக்கம் என்றும் தாய்வழி மரபைக் கதிர்ப் பக்கம் என்றும் பிரிக்கிறார். நூல் நூற்கும் கதிரைத்தான் சொல்கிறேன். இருபாலாரையும் கையில் உள்ள கருவியால் அடையாளப்படுத்தும் அந்தப் பழக்கமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த துறவி ஏல்ஃப்ரிக், விவிலியத்தின் தொடக்கநூலின் முதல் அதிகாரத்தைப் பெயர்த்தபோது, இறைவன் தம் சாயலில் ‘மன்’னைப் படைத்தார் என்று எழுதிவிட்டு, ‘வெர்ஹாட்’ (ஆண்நிலை), ‘வீஃப்ஹாட்’ (பெண்நிலை) என்ற இரு நிலைகளாகவும் படைத்தார் என்று தொடர்கிறார். மூன்று சொற்களும் ஒரே வசனத்தில், ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் அமர்ந்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

‘வெர்’ இன்று தனித்து இல்லை. ஆனால் ஓநாயாக உருமாறும் மனிதனைக் குறிக்கும் ‘வேர்வுல்ஃப்’ என்ற சொல்லில் அது ஒளிந்திருக்கிறது. உலகத்தைக் குறிக்கும் ‘வேர்ல்ட்’ என்பதும் ‘வெர்’ரோடு காலத்தைக் குறிக்கும் சொல் கூடிப் பிறந்ததுதான், மாந்தரின் ஊழி என்பது அதன் முதற்பொருள். லத்தீனின் ‘விர்’, வடமொழியின் ‘வீர’, லிதுவேனியாவின் ‘வீரஸ்’, பழைய ஐரிஷ் மொழியின் ‘ஃபெர்’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள்.

இன்னொரு பழஞ்சொல் ‘குமா’. அது லத்தீனின் ‘ஹோமோ’வோடு உறவுடையது, மண்ணைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, பெரும்பாலும் செய்யுளில் பயின்றது. மணமகனைக் குறித்த ‘பிரீட்குமா’ என்ற சொல்லில் அது நெடுங்காலம் வாழ்ந்தது. பிறகு ‘குமா’ யாருக்கும் விளங்காமல் போகவே, பணியாளனைக் குறித்த ‘குரூம்’ என்ற சொல் அந்த இடத்தில் ஏறிக்கொண்டது. இன்றைய ஆங்கிலத்தின் ‘பிரைட்குரூம்’ அப்படி வந்ததே. ஜெர்மன் மொழியின் ‘பிராய்டிகாம்’ அந்தப் பழைய உறுப்பை விடாமல் வைத்திருக்கிறது.

தென்றல்மொழி எழுதியது:

ஐயா, விளக்கம் மிகச் சிறப்பு. எனக்கு ஓர் ஐயம். நம் மொழியில் மாந்தர், மன்பதை, மனிதன் என்ற சொற்கள் இருக்கின்றன. ‘மன்’ என்றால் நினைத்தல் என்றும், நினைக்கும் ஆற்றல் உடையவன் மாந்தன் என்றும், ஐரோப்பியச் சொல் இங்கிருந்து சென்றதே என்றும் பள்ளிக்காலம் முதல் கேட்டு வந்திருக்கிறேன். அதற்கு ஆதாரம் உண்டா? அல்லது வடமொழியின் ‘மனு’வோடுதான் உறவா?

ஒலிநூல் எழுதியது:

இந்தக் கேள்வியை எழுப்பியதற்கு நன்றி. தமிழில் இந்தச் சொல்லைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இங்கே வந்து சேரும். ஆகவே பொறுமையாகப் பார்ப்போம்.

இரண்டு மொழிகளில் உள்ள இரண்டு சொற்கள் ஒலியில் ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. அந்த ஒலி ஒற்றுமை, வேறு பல சொற்களிலும் அதே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வர வேண்டும். வடமொழியின் ‘மனு’வுக்கும் ஜெர்மானியத்தின் ‘மன்’னுக்கும் இடையே அப்படியோர் ஒழுங்கு உண்டு. ஜெர்மானியச் சொல்லின் முடிவில் னகரம் இரட்டித்து நிற்பதைக் கவனியுங்கள். வடமொழியில் மெல்லியது என்று பொருள்படும் ‘தனு’ ஜெர்மன் மொழியில் ‘டுன்’ என்று இரட்டை னகரத்தோடு வழங்குகிறது. ஆங்கிலத்தின் ‘தின்’ அதன் உறவே. தாடையைக் குறிக்கும் ‘ஹனு’ பழைய ஜெர்மானிய மொழியாகிய காதிக்கில் ‘கின்னுஸ்’, ஜெர்மனில் ‘கின்’, ஆங்கிலத்தில் ‘சின்’. மூன்றாவதாக ‘மனு’, காதிக் மொழியில் ‘மன்னா’. மூன்றிலும் தண்டு, அதாவது வேற்றுமை உருபு சேர்வதற்கு முன் உள்ள சொல்லுரு, னகரத்தை அடுத்து உகரத்தில் முடிகிறது. உயிரெழுத்தில் தொடங்கும் வேற்றுமை உருபு சேரும்போது அந்த உகரம் வகரமாகி, ன்வ என்ற கூட்டு ஜெர்மானியத்தில் ன்ன ஆகிறது. ஒரு சொல்லில் மட்டும் இது நேர்ந்திருந்தால் தற்செயல் எனலாம்; மூன்று சொற்களிலும் ஒரே வழியில் நேரும்போது அது ஒலிவிதி.

ஸ்லாவிய மொழிகளிலும் இதன் கிளை உண்டு. ரஷ்ய மொழியில் கணவனைக் குறிக்கும் ‘மூஷ்’, உழவனைக் குறித்த ‘மூஷிக்’ ஆகியவை இதே குடும்பத்தோடு இணைக்கப்படுகின்றன. ஆனால் அங்கே தண்டு வேறு விகுதியோடு நீண்டிருக்கிறது.

அப்படியானால் இந்த மூதாதைச் சொல்லின் வேர் என்ன? நினைத்தலைக் குறிக்கும் இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது, நினைக்கும் உயிரே மனிதன் என்பது கேட்பதற்கு இனிய விளக்கம். பல அகராதிகளும் அதைக் குறிப்பிடுகின்றன. ஆனால் சொல்லின் வடிவம் அந்த வேரிலிருந்து இயல்பாக வருவதாகக் காட்டுவது எளிதன்று. ஆகவே கவனமுள்ள ஆய்வாளர்கள் அதை முடிந்த முடிவாகச் சொல்வதில்லை. கையைக் குறிக்கும் லத்தீனச் சொல்லோடு இணைத்த பழைய கருத்தும் இதே நிலையில்தான் இருக்கிறது. என் பார்வையில், மாந்தரைக் குறித்த மூதாதைச் சொல் ஒன்று இருந்தது என்பது வரை உறுதி. அதற்கு மேல் எல்லாமே கருதுகோள்.

தமிழுக்கு வருவோம். மனிதன், மனுசன், மானுடன் ஆகியவை ‘மனு’ வழி வந்த வடமொழிச் சொற்களின் தமிழ் வடிவங்கள். இந்த வழியில் ஆங்கிலச் சொல்லோடு நமக்கு ஓர் உறவு உண்டு என்பது மெய். அது வடமொழி வழியாகக் கடன் வந்த உறவு. மக்கள் என்பது மகவு, மகன், மகள் என்ற சொற்களோடு பிறந்த திராவிடச் சொல். ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்று தொல்காப்பியர் மாந்தர் இனம் முழுவதையும் சுட்ட அதைத்தான் எடுத்தாள்கிறார். மாந்தர் என்பதும் சங்கப் பாடல்களிலும் குறளிலும் இயல்பாகப் பயிலும் பழைய தமிழ்ச்சொல். ஆனால் அதற்கும் ஜெர்மானியச் சொல்லுக்கும் இடையே தனு, ஹனு போன்ற துணைச்சான்றுகள் எவையும் கிடையா. தமிழின் பெருமை அதன் நூல்களில் இருக்கிறது. பிற மொழிச் சொற்களை இங்கிருந்து சென்றவை என்று காட்டித்தான் அதை நிறுவ வேண்டும் என்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. கி.பி. 98இல் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதியபோது, பழம்பாடல்களே அவர்களுடைய ஒரே வரலாறு என்று குறிப்பிட்டு, மண்ணிலிருந்து பிறந்த துயிஸ்டோ என்ற தெய்வத்தையும், இனத்தின் மூலவனான அவன் மகன் மன்னுஸையும், அந்த மன்னுஸின் மூன்று மக்கள் பெயரால் இங்கேவோனர், ஹெர்மினோனர், இஸ்டேவோனர் என்ற மூன்று குடிகள் பெயர் பெற்றதையும் பதிவு செய்கிறார். முதல் மனிதனுக்கு மனிதன் என்பதே பெயர். வேத மரபில் முதல் வேள்வி செய்தவனாகப் போற்றப்படும் மனுவுக்கும் இவனுக்கும் பொதுவான ஒரு தொன்மம் பின்னணியில் இருந்திருக்க வேண்டும் என்று ஒப்பியல் அறிஞர்கள் கருதுகிறார்கள். துயிஸ்டோ என்ற பெயரில் இரண்டு என்ற எண் ஒலிக்கிறது என்ற கருத்தும், வேதத்தின் யமன், பழைய ஸ்காண்டிநேவியரின் நோர்ஸ் தொன்மத்தில் வரும் யூமிர் ஆகிய பெயர்கள் இரட்டையர் என்ற பொருளுடைய ஒரே சொல்லிலிருந்து வந்தவை என்ற கருத்தும் இதற்கு வலுச்சேர்க்கின்றன.

வடகடல் எழுதியது:

நான் நோர்வேயில் வாழ்பவன்; பழைய நோர்ஸ் மொழியை ஓரளவு கற்றிருக்கிறேன். அங்கிருந்து சில செய்திகள்.

பழைய நோர்ஸில் இச்சொல்லின் எழுவாய் வடிவம் ‘மத்ர்’. முதல் பார்வையில் வேறு சொல் போலத் தோன்றும். இரட்டை னகரத்தை அடுத்து ரகரம் வந்தால் னகரம் மென்மையான தகரமாகத் திரியும் என்பது அந்த மொழியின் விதி. ரகரம் வராத வேற்றுமைகளில் ‘மன்’, ‘மன்ஸ்’ என்று பழைய உருவம் வெளிப்பட்டுவிடும். ஜெர்மானியர் பண்டு பயன்படுத்திய ரூன் எழுத்துகளில் மகர ஒலிக்கு உரிய எழுத்தின் பெயரும் இதுவே.

ஐஸ்லாந்து மொழியில் இன்றும் ‘மாதுர்’ என்பது மாந்தர் இருபாலாரையும் குறிக்கக்கூடியது. ஆணைத் தனித்துச் சொல்ல ‘கார்ல்மாதுர்’. பெண்ணைத் தனித்துச் சொல்ல ‘க்வென்மாதுர்’. பழஞ்சொல் ஐயா காட்டிய ‘வேப்னெட்மன்’, ‘வீஃப்மன்’ இணையின் அமைப்பு அப்படியே அங்கே உயிரோடு நடமாடுகிறது. பெண்களும் மாதுர்தான் என்பது அங்கே அடிக்கடி கேட்கக்கூடிய கூற்று. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவரான விக்திஸ் ஃபின்பொகதோத்திர் 1980இல் அந்நாட்டில்தான் பதவியேற்றார். ஆயினும் 1983இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த பெண்கள் பட்டியல் என்ற கட்சியினர், உறுப்பினரைக் குறிக்கும் சொல்லில் இருந்த ‘மாதுர்’ என்ற ஈற்றை நீக்கிவிட்டு, பெண் என்று பொருள்படும் ‘கோனா’வைச் சேர்த்துத் தங்களை அழைத்துக்கொண்டார்கள். சொல் இருபாலுக்கும் பொது என்று அகராதி சொன்னாலும், கேட்பவர் மனத்தில் ஆணின் உருவமே முதலில் எழுகிறது என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நோர்வேயிலும் சுவீடனிலும் டென்மார்க்கிலும் நிலை வேறு. இங்கே ‘மன்’ என்றால் ஆண், கணவன். மாந்தரைச் சொல்ல ‘மெனெஸ்கெ’ என்று வேறு சொல். அதே நேரத்தில் ‘மன்’ என்பது பால் காட்டாத சுட்டுப்பெயராகவும் இருக்கிறது. ‘இங்கே புகைக்கக் கூடாது’ என்று தமிழில் எழுவாயே இல்லாமல் சொல்வதை இங்கே ‘மன்’ என்பதை எழுவாயாக வைத்துச் சொல்வார்கள்.

ரைன்கரை எழுதியது:

வடகடல் அவர்கள் சொன்ன அந்தச் சுட்டுப்பெயர் ஜெர்மன் மொழியின் உயிர்நாடிகளில் ஒன்று. பெயர்ச்சொல்லாகிய ‘மன்’ பேரெழுத்தில் தொடங்கி ஈற்றில் இரட்டை னகரத்தோடு எழுதப்படும். சுட்டுப்பெயராகிய ‘மன்’ சிற்றெழுத்தில் தொடங்கி ஒற்றை னகரத்தோடு முடியும். ஒரே சொல்தான், அழுத்தமின்றி ஒலித்த இடத்தில் சுட்டுப்பெயராகத் தேய்ந்துவிட்டது. யாரோ ஒருவரைக் குறிக்கும் ‘யேமன்ட்’, ஒருவரும் இல்லை என்று பொருள்படும் ‘நீமன்ட்’ ஆகியவற்றின் உள்ளேயும் இதே சொல் இருக்கிறது. ஈற்றில் உள்ள டகரம் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. 1970களிலிருந்து பெண்ணியர் சிலர் இந்தச் சுட்டுப்பெயருக்குப் பதிலாகப் பெண் என்று பொருள்படும் ‘ஃபிராவ்’ என்பதை எழுதத் தொடங்கினார்கள். பொது வழக்கில் அது வேரூன்றவில்லை. ஆனால் படிப்பவரை ஒரு கணம் நின்று எண்ண வைத்தது.

ஏட்டுவாசகன் தந்த சட்டவரியில் முதலில் வரும் ‘மன்’ என்பதையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அது சுட்டுப்பெயர்; ‘ஒருவர்’ என்பதே அதன் பொருள். ஆங்கிலம் 15ஆம் நூற்றாண்டளவில் இந்தப் பயன்பாட்டை இழந்துவிட்டதால்தான் இன்றைய வாசகருக்கு அந்த வரி திகைப்பூட்டுகிறது.

மாந்தருக்கு ஜெர்மனில் உள்ள ‘மென்ஷ்’ என்ற சொல் தொடக்கத்தில் ஒரு பெயரடை. மானிடத் தன்மையுடைய என்று பொருள்படும் அந்தப் பெயரடை நாளடைவில் பெயராகி, ‘மன்’ ஒழித்துக்கொடுத்த இடத்தில் அமர்ந்துகொண்டது. டச்சு மொழியின் ‘மென்ஸ்’, வடகடல் குறிப்பிட்ட ‘மெனெஸ்கெ’ எல்லாம் இதே வழியில் வந்தவை. டச்சிலிருந்து கிளைத்த தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் இந்த ‘மென்ஸ்’ மறுபடியும் ‘ஒருவர்’ என்ற சுட்டுப்பெயர் வேலையைச் செய்கிறது. ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் ‘மென்ஷ்’ என்றால் மனிதப் பண்பு நிறைந்தவர் என்ற உயர்ந்த பொருளும் உண்டு. இதற்கு நேர் எதிராக, ஜெர்மனிலேயே இதே சொல்லை அஃறிணைப் பாலில் ஆண்டால் பெண்ணை இழிவாகச் சுட்டும் வசையாக ஆகிவிடும். ஒரே சொல் பால்விகுதி மாறியதும் இவ்வளவு தாழ்ந்துவிடுவது வருந்தத்தக்கது.

எண்ணிக்கையில் ஒரு பழைய வழக்கு எஞ்சியிருக்கிறது. ஆண்கள் பலர் என்றால் ‘மெனர்’; ஒரு தலைவனுக்குக் கட்டுப்பட்ட வீரர்கள் என்றால் ‘மனன்’; ஆனால் படையிலோ கப்பலிலோ ஆட்களை எண்ணும்போது ‘ஆயிரம் மன்’ என்று ஒருமை வடிவம் போலவே சொல்வார்கள். இன்றைய ஜெர்மனின் முன்னை வடிவமாகிய பழைய மேல்ஜெர்மனில் இச்சொல்லின் பன்மை உருபின்றி ‘மன்’ என்றே இருந்தது. அதன் எச்சம் இது. ஆங்கிலத்தில் உயிரெழுத்து மட்டும் மாறி ‘மென்’ என்று பன்மையாவதும் அந்தப் பழைய உருபில்லா வகையின் விளைவே. மறைந்துபோன ஈற்று இகரம் முன்னிருந்த அகரத்தைத் திரித்துவிட்டுப் போயிருக்கிறது.

இனப்பெயர்களைப் பற்றியும் சுருக்கமாக. அலெமன்னி என்பது எல்லா மாந்தரும் என்ற பொருளுடையது. பிரெஞ்சு மொழியில் ஜெர்மனியின் பெயரே அதிலிருந்து வந்தது. மார்க்கோமன்னி என்பவர்கள் எல்லைப்புற மாந்தர். நார்மன் வடதிசை மாந்தர். ஆனால் ‘ஜெர்மன்’ என்ற பெயரின் ஈற்றில் இச்சொல் இல்லை. அது லத்தீன் நூல்கள் வழி வந்த பெயர், அதன் தோற்றம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

சான்றுநாடி எழுதியது:

இதுவரை வந்த பதிவுகள் அனைத்தையும் ஊன்றிப் படித்தேன். ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். ‘முற்காலத்தில் எல்லாரையும் குறித்தது, பிற்காலத்தில் சுருங்கியது’ என்று கதையை இரண்டாகப் பிளந்துவிட்டால், உண்மை நழுவிவிடும். ஆண் என்ற தனிப்பொருள் பழைய ஆங்கிலத்தின் பிற்பகுதியிலேயே, கி.பி. 1000ஐ ஒட்டி, ஆவணங்களில் தலைகாட்டிவிடுகிறது. மறுமுனையில், பொதுப்பொருள் 18ஆம் நூற்றாண்டு வரையிலும் திடமாக இருந்தது. 1752இல் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் மக்கள்தொகை பற்றி எழுதிய கட்டுரையில், ஆணும் பெண்ணுமாகிய எல்லா ‘மென்’னிடமும் இனப்பெருக்க விழைவு உண்டு என்று எழுதுகிறார். ஆகவே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் இரு பொருள்களும் ஒரே சொல்லில் அருகருகே குடியிருந்திருக்கின்றன. அப்படியானால், ஒரு குறிப்பிட்ட வரியில் எந்தப் பொருள் என்பதை அந்த வரிதான் தீர்மானிக்க வேண்டும். சொல்லின் பிறப்பு தீர்மானிக்காது.

பழஞ்சொல் எழுதியது:

சான்றுநாடி சொல்வதை ஏற்கிறேன். காலக்கோட்டை நான் இன்னும் நுணுக்கமாக வரைந்து காட்டுகிறேன்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘வெர்’ வழக்கொழியத் தொடங்குகிறது. ‘வீஃப்மன்’ ஒலி தேய்ந்து ‘விம்மன்’ என்றும், பிறகு ‘வும்மன்’ என்றும் ஆகி, இன்றைய ‘உமன்’ என்று நிலைத்தது. பன்மையில் எழுத்து ஒகரமாக இருந்தும் ஒலி ‘விமின்’ என்று இகரமாகவே இருப்பதற்குக் காரணம், அந்தப் பழைய ‘வீஃப்’பின் உயிரொலி பன்மையில் தங்கிவிட்டதுதான். கருப்பையைக் குறிக்கும் ‘வூம்ப்’ என்ற சொல்லோடு இதை இணைத்துச் சொல்லும் விளக்கங்களுக்கு அடிப்படை இல்லை. ‘வீஃப்’ என்பது மனைவி என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சியைக் குறிக்கும் ‘மிட்வைஃப்’ போன்ற சில சொற்களில் மட்டும் அதன் பழைய பெண் என்ற பொருளைக் காணலாம்.

இந்த மாற்றத்துக்குப் பின் பெண்ணுக்கு ஒரு தனிச்சொல் இருந்தது, ஆணுக்கு இல்லை. அந்த வெற்றிடத்தைப் பொதுச்சொல்லே நிரப்ப வேண்டியதாயிற்று. இதற்கு இலக்கணமும் துணைசெய்தது என்பது என் கருத்து. பழைய ஆங்கிலத்தில் ‘மன்’ இலக்கணப்படி ஆண்பால் சொல், ‘வீஃப்மன்’ கூட ஆண்பால் சொல்தான், ‘வீஃப்’ ஒன்றன்பால். இலக்கணப்பால் என்பது உடலின் பாலோடு ஒட்டாத வெறும் வகைப்பாடாக இருந்த வரையில் அதனால் தீங்கில்லை. நடுக்கால ஆங்கிலத்தில் அந்த வகைப்பாடு சிதைந்து, ‘அவன்’ என்ற சுட்டு உடலின் பாலை மட்டுமே காட்டத் தொடங்கியபோது, ‘மன்’னைத் தொடர்ந்து வந்த ‘அவன்’ அந்தச் சொல்லையே ஆணின் பக்கம் இழுத்துச் சென்றது. பொதுப்பொருளுக்குப் ‘பெர்சன்’, ‘பீப்பிள்’, ‘ஹியூமன்’ என்று பிரெஞ்சு வழிச் சொற்கள் வந்து குவிந்ததும் இதை விரைவுபடுத்தியது. ‘ஹியூமன்’ என்பதன் ஈற்றில் ஒலிப்பது இந்த ‘மன்’ அன்று; அது லத்தீனின் ‘ஹுமானுஸ்’ வழி வந்தது.

வழக்காடி எழுதியது:

இந்த இருபொருள் நிலை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. மனிதரின் உரிமையைத் தீர்மானித்திருக்கிறது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், சட்டங்களில் ஆண்பாலில் வரும் சொற்கள், மாறாக வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டால், பெண்பாலையும் உள்ளடக்கும் என்று விதித்தது. 1867இல் வாக்குரிமைச் சீர்திருத்த முன்வரைவில் ‘ஒவ்வொரு மேனும்’ என்று இருந்த இடத்தில் ‘பெர்சன்’ என்று மாற்ற வேண்டும் என மெய்யியலாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196 என்று அது தோற்றது. சட்டம் ‘மேன்’ என்ற சொல்லோடு நிறைவேறியது.

1850ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால் ‘மேன்’ என்பதில் பெண்ணும் அடக்கம் என்று கொண்டு, மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கான பெண்கள் வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயரைச் சேர்க்கக் கோரினார்கள். 1868 நவம்பரில் சோர்ல்டன் எதிர் லிங்ஸ் என்ற வழக்கில், பெண்களுக்கு வாக்களிக்கும் தகுதி சட்டத்தில் எக்காலத்தும் இருந்ததில்லை, ஆகவே இந்தச் சட்டத்தின் ‘மேன்’ அவர்களைக் குறிக்காது என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. வரி கட்டும்போதும் தண்டனை பெறும்போதும் பெண்ணை உள்ளடக்கிய ஒரு சொல், வாக்குச்சாவடிக்கு முன்னால் மட்டும் அவளை வெளியே நிறுத்தியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

1948இல் வெளிவந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் உறுப்பு, எல்லா ‘மென்’னும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்றுதான் முதலில் வரையப்பட்டிருந்தது. இந்தியாவின் பேராளராக இருந்த ஹன்சா மேத்தா அதை ஏற்க மறுத்து, ‘ஹியூமன் பீயிங்ஸ்’ என்று மாற்றச் செய்தார். சொல்லின் வரலாற்றைக் காட்டி அது பெண்ணையும் குறிக்கும் என்று அவருக்கு விளக்கம் சொல்லியிருக்கலாம்; மான்செஸ்டர் பெண்களுக்கு அந்த வரலாறு எந்த உதவியும் செய்யவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏட்டுவாசகன் எழுதியது:

எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கிடைத்திருக்கிறது; அனைவருக்கும் நன்றி. முதல் ‘மன்’ என்பதை ‘ஒருவர்’ என்று எழுதிவிடுகிறேன். இரண்டாவது ‘மன்னன்’ என்பதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. ‘மனிதர்’ என்றால் தத்துவநூல் போல் ஒலிக்கிறது. ஷில்லிங் கணக்குப் பேசும் சட்டத்தில் அது ஒட்டவில்லை.

பழஞ்சொல் எழுதியது:

‘ஆள்’ என்று எழுதிப் பாருங்கள். நம் ஊர்ப்புறத்தில் ஆணாள், பெண்ணாள் என்று பிரித்துக் கூலி பேசுவார்கள். அதாவது ‘ஆள்’ தன்னளவில் இருபாலுக்கும் பொது. ‘வீஃப்மன்’, ‘வேப்னெட்மன்’ என்ற கூட்டுகளின் அமைப்பும் இதுவே. ரைன்கரை காட்டிய ‘ஆயிரம் மன்’ என்ற எண்ணிக்கையைப் போலவே நாமும் ‘பத்து ஆள்’ என்று பன்மை விகுதி இல்லாமல் எண்ணுகிறோம். ஒரு தலைவனுக்குக் கட்டுப்பட்டவன் என்ற பொருள் ஜெர்மானியச் சொல்லில் ஆழமாக உண்டு; பழைய ஆங்கிலத்தில் தலைவனுக்கு அடங்கி உறுதிமொழி தருவதற்கே ‘மன்ரேடன்’ என்று பெயர். நம் ‘ஆள்’ என்ற சொல்லிலும் அந்தப் பொருள் இருக்கிறது. ‘அவர் யாருடைய ஆள்’ என்று இன்றும் கேட்கிறோம். இந்தச் சட்டத்திலும் கொலையுண்டவருக்கு விலை உண்டு, அவர்மேல் உரிமை கொண்டாடும் தலைவன் உண்டு. அரசனுடைய ஊரில் அவர் கொல்லப்பட்டதால் அரசனின் அமைதி குலைந்தது என்பதற்கே அந்த 50 ஷில்லிங்.

‘அரசனின் ஊரில் ஒருவர் ஓர் ஆளைக் கொன்றால் 50 ஷில்லிங் ஈடு கொடுப்பாராக.’

‘மேய்டன்மன்’ வரும் விதியில் ‘அரசனின் கன்னியாள்’ என்று வழக்கில் இல்லாத கூட்டை உண்டாக்க வேண்டியதில்லை. ‘அரசனின் பணிப்பெண்’ என்றே எழுதிவிட்டு, மூலத்தில் ‘மன்’ இருப்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

சான்றுநாடி எழுதியது:

‘ஆள்’ பொருத்தமாக இருக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இதே சட்டத்தொகுப்பில் கட்டற்ற குடிமகனையும் அடிமையையும் தனித்தனிச் சொற்களால் வேறுபடுத்தும் விதிகள் வருகின்றன. ‘ஆள்’ என்பதற்குத் தமிழில் அடிமை என்ற பழம்பொருளும் உண்டு. ஆகவே அந்த விதிகளில் அடிமைக்கு ‘ஆள்’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் ‘அடிமை’ என்றே வெளிப்படையாக எழுதுங்கள். அப்போதுதான் மூலத்தில் ‘மன்’ வரும் இடங்களை மட்டும் ‘ஆள்’ காட்டிநிற்கும். வாசகரும் குழப்பமின்றித் தொடர்வார்.